குரோம் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டுப் பொருள்

சனிக்கிழமை, பிற்பகல் நான்கு இருபது. நான் முதலில் பார்த்தது ஒரு கையை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வெள்ளியாய் மின்னிய உலோகக் கை. அதற்குப் பின்னால் மழை. மழைக்கும் பின்னால் ஊதாவும் பச்சையுமாய் எரிகிற கடைப் பலகைகள். அந்தக் கை ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையில் இருந்தது. புத்தகம் ஏழுமலையின் கக்கத்தில் இருந்தது. தலைப்பும் எழுதியவர் பெயரும் இருந்திருக்க வேண்டிய மேல்பாதி அட்டையையும் முதல் சில தாள்களையும் எலியோ கரையானோ தின்று தீர்த்திருந்தது. ஏழுமலை எங்கள் வீட்டுக் கேட்டின் கொண்டியைத் தட்டிவிட்டு, உள்ளே வராமலே குரல் கொடுத்தான்.

"மச்சான்! உன்னிய மாதிரியே ஒருத்தன் புஸ்தகத்துல கீறான். வந்து பாரு!"

சமையலறையில் அம்மா கிண்டிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா செய்தித்தாளை இறக்கிவிட்டுக் கேட்டைப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஒரு வருஷமாக யாரும் உரக்கச் சொல்லாத விஷயத்தை அவன் தெருவில் நின்று கத்தியிருந்தான்.

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை. குரோம்பேட்டையில், ரயில் பாதைக்குக் கிழக்கே, மின்ரயில் போகும்போது அலமாரிக் கண்ணாடி அதிர்கிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அண்ணன் சாமுக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, பம்மல் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் 'பவர் பிரஸ்' ஓட்டிக்கொண்டிருந்தான். தகட்டை உள்ளே வைத்து மிதியை மிதித்தால், மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வட்டமாய் வெட்டிப் போடும். முந்தைய ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, மிதிக்காமலே அது இறங்கியது. மருத்துவமனையில் அண்ணனின் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவன் முன்னறையை விட்டு வெளியே வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. எடுத்த இடத்தைச் சுற்றி ஒரு பூத்துண்டு எப்போதும் இருந்தது. தூங்கும்போதும் அவிழ்க்கமாட்டான். செயற்கைக் கை ஒன்று கொடுத்திருந்தார்கள். அது ரப்பரில் செய்த, விரல் மடங்காத, யாரோ வெள்ளைக்காரனின் நிறத்தில் இருந்த கை. அதை ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "இது யாரோட கை?" என்று கேட்டுக் கழற்றிப் பெட்டியில் வைத்தான். பெட்டி பீரோவுக்கு மேலே போனது.

முன்னறை மேசையில் ஒரு விண்ணப்பப் படிவம் கிடந்தது. அதைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கைப்பேசி வராத காலம்; வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் மஞ்சள் பலகை மாட்டிய 'எஸ்.டி.டி. பூத்'தைத் தேடிப் போய், கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். கை கால் இழந்தவர்களுக்கு அந்த பூத்துகளை ஒதுக்குவதில் முன்னுரிமை இருந்தது. அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டிச் சான்றிதழ் வாங்கி, அந்த மாதக் கடைசிக்குள் படிவத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பூத் கிடைத்துவிட்டால், உடல் ஊனமுற்றவரால் நடத்தப்படுவது என்று பலகையில் எழுதி மாட்ட வேண்டும்.

"அதை என் தலைக்கு மேல எழுதி மாட்டிக்கிட்டு, ரோட்டைப் பார்த்து உட்காரணுமா?" என்பான் அண்ணன். "அதுக்கு இங்கயே உக்காந்திருக்கேன். இங்க ஃபேன் இருக்கு."

"மூடி வெச்ச சோறுதான் முதல்ல கெடும்" என்பாள் அம்மா. ஒரு நாளைக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவாள். அப்பா, மின்விசிறிக் காற்றில் படிவம் பறந்து தரையில் கிடந்தால், எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் கண்ணாடிக் குண்டை வைத்துவிட்டு விடைத்தாள் திருத்தப் பள்ளிக்கூடம் போவார். மாதம் முடியப் பதினாறு நாட்கள் இருந்தன.

ஏழுமலை அண்ணனோடு பள்ளியில் படித்தவன். நெமிலிச்சேரிப் பக்கம் வயல் வைத்திருந்த குடும்பம். வயல் மனைகளாகப் போன பிறகு அவன் அப்பா 'காயலான் கடை' வைத்தார். பழைய இரும்பு, பழைய பேப்பர், பழைய பாட்டில் எல்லாம் எடைக்கு வாங்கும் கடை. தாம்பரத்தில் ஏதோ ஒரு பெரிய வீட்டைக் காலி செய்தபோது வந்த மூட்டையில்தான் அந்தப் புத்தகம் கிடைத்ததாம். அவனுக்கு ஆங்கிலம் வராது. அட்டைப் படத்தைப் பார்த்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அன்று அண்ணன் ஜன்னலுக்கு வந்தான். புத்தகத்தைச் சற்று நேரம் பார்த்தான். வீட்டில் மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"விரல் மூட்டு தப்பா வரைஞ்சிருக்கான்" என்றான். "இப்படி இருந்தா மடங்காது."

பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, நீ இங்கிலீஷ் மீடியம்தானே. படி" என்றான்.

இப்படித்தான் தொடங்கியது. தினமும் மூன்றிலிருந்து ஐந்து மணி வரை, முன்னறையில், நான் ஒரு வரி ஆங்கிலத்தில் படித்து அதைத் தமிழில் சொல்வேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருப்பான். ஏழுமலை, கடையில் மதியம் வியாபாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். பல்லாவரம் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஜன்னல் வழியே தோல் பதனிடுகிற வாடை வரும். ஊருக்குப் பெயர் தந்த வாடை என்று அதை நாங்கள் யாரும் பொருட்படுத்துவதில்லை.

கதை எதிர்காலத்தில் நடந்தது. எப்போதும் மழை பெய்கிற ஒரு நகரம். போலீஸைவிடக் கம்பெனிகளுக்கு அதிகாரம். பாலத்துக்கு அடியில் கடை வைத்திருக்கும் ஒரு பெண், மற்றவர்களின் உலோகக் கைகால்களைப் பழுது பார்க்கிறாள். அவளிடமிருந்து ஏதோ ஒரு வரைபடத்தைத் திருடி விடுகிறார்கள். அதை மீட்க அவள் கழுத்தில் ஒரு ஒயரைச் சொருகிக்கொண்டு, தொலைபேசிக் கம்பிகளுக்குள் மனத்தால் நடந்து போகிறாள். இந்த இடம் வந்தபோது முறுக்கு கொண்டுவந்த அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "ஈரக் கழுத்தோட சொருகினா ஷாக் அடிக்காதா?" என்றாள். கதையில் மழை பெய்துகொண்டிருந்ததால், அது நியாயமான கேள்வியாகவே எங்களுக்குப் பட்டது.

முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை 'குரோம்' என்ற சொல் வந்துகொண்டிருந்தது. பணக்காரர்களிடம் குரோம் இருந்தது. ஏழைகளிடம் பழைய குரோம் இருந்தது. ஒருவன் முழுக்க குரோம் என்று எழுதியிருந்தது. பதினாலு வயதில், குரோம்பேட்டையில் பிறந்து குரோம்பேட்டையிலேயே வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் தெரியும். ரயில்வே டிக்கெட்டில், பஸ் பலகையில், அப்பாவுக்கு வரும் கடித உறையில் நான் பார்த்த சொல். கண்டக்டர்கள்கூட 'பேட்டை'யை விழுங்கிவிட்டு "குரோம், குரோம், இறங்கு" என்றுதான் கத்துவார்கள். எனவே தயங்காமல் மொழிபெயர்த்தேன்.

"அவன் பெரிய பணக்காரன். முழுக்க முழுக்க குரோம்பேட்டை."

ஏழுமலை எழுந்து உட்கார்ந்துவிட்டான். "இன்னாது, நம்ம ஊரா? இங்கிலீஷ் புஸ்தகத்துல நம்ம ஊரு பேரு போட்டுகீதா?"

"போட்டிருக்கு, ஏழுமலை அண்ணா. நிறைய இடத்துல போட்டிருக்கு."

"ஆனா குரோம்பேட்டைல எவன் பாப்பா பணக்காரன்? தாம்பரம்னு சொன்னாக்கூட ஒத்துக்கலாம்."

மூன்று நாட்கள் இப்படியே ஓடின. அந்தப் பெண் குரோம்பேட்டையைப் பழுது பார்த்தாள். ஒருவன் மார்க்கெட்டில் திருட்டுக் குரோம்பேட்டை வாங்கினான். வில்லனின் குரோம்பேட்டையில் மழைநீர் வழிந்தது. ஏழுமலை தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், நம் ஊரைப் பற்றி வெளிநாட்டில் புத்தகம் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டான். நாலாவது நாள், ஒருவன் தன் குரோம்பேட்டையைத் துணியால் துடைத்து மடக்கினான் என்று நான் சொன்னபோது, அண்ணன் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினான். இடது கையால் அந்தப் பக்கத்தைப் பிடித்து, உதட்டை அசைத்துக்கொண்டே படித்தான். பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. நான் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிடத் திரும்பினேன். அப்போதுதான் அவன் சிரிக்கிறான் என்று தெரிந்தது.

"அடியே, குரோம்னா ஊரு இல்லடி. முலாம்! சைக்கிள் ஹேண்டில்பார்ல பளபளன்னு இருக்கே, அது. கையில இருக்கற உலோகத்தைத்தான் அவனுங்க குரோம்னு சொல்றானுங்க. இவ மூணு நாளா ஆளாளுக்கு ஒரு ஊரை மாட்டி விட்டிருக்கா!"

அம்மா ஓடி வந்தாள். ஏழுமலை சிரித்ததைவிட அதிகமாக வருத்தப்பட்டான். "அப்ப நம்ம ஊரு இல்லியா? நான் எல்லாருக்கும் சொல்லிக்கினு கீறேனே, பேஜாரா பூடுச்சே" என்றான். நான் அவமானத்தில் அழுதேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு விளக்கினான். இரும்பைத் தேய்த்து, அமிலத்தில் முக்கி, முதலில் நிக்கல் ஏற்றி, கடைசியில்தான் மேலாக ஒரு மெல்லிய பூச்சாக குரோம் ஏற்றுவார்களாம். எங்கள் ஊர்ப் பெயரிலிருக்கும் குரோமும் அதே உலோகம்தான், ஆனால் தோலைப் பதப்படுத்துகிற உப்பாக வருவது என்றான். ஒரு வருஷத்தில் அவன் அவ்வளவு பேசியதில்லை. மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, என் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில், இடது கையால் கோணல்மாணலாக அந்தப் புத்தகக் கையின் விரல் மூட்டு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று வரைந்து காட்டினான்.

இதற்கு இரண்டு நாள் கழித்து அந்த அத்தியாயம் வந்தது. பாலத்தடிக் கடைக்கு ஒரு பணக்கார இளைஞன் வருகிறான். இரண்டு கைகளும் நன்றாக இருக்கின்றன. நண்பர்கள் எல்லோரும் மாற்றிக்கொண்டுவிட்டார்கள் என்பதற்காக, தன் கையையும் எடுத்துவிட்டுப் புது உலோகக் கை பொருத்தச் சொல்கிறான்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நல்ல கையையா?"

"ஆமாண்ணா."

"ஆக்சிடென்ட் ஏதாவது ஆகியிருக்கும். ஒழுங்காப் படி. மறுபடி ஊர்ப் பேரு சொல்லிடப் போறே."

"இல்லண்ணா. வேணும்னேதான் வெட்டிக்கறான்."

"லூசா அவன்?"

"துட்டுக் கொழுப்பு மச்சான்" என்றான் ஏழுமலை. "நல்ல பல்லைப் புடுங்கிட்டு தங்கப் பல்லு கட்டிக்கினு திரியலியா நம்மாளுங்க, அதே கேஸுதான்."

அண்ணன் சிரிக்கவில்லை. மேலே படிக்கச் சொன்னான். அந்தப் பெண் கையை எடுத்தாள், புதிய கையைப் பொருத்தினாள், அவன் அதை விரித்து மடக்கிப் பார்த்துவிட்டு மழையில் இறங்கிப் போனான், அத்தியாயம் முடிந்தது.

"வெட்டின கை?" என்றான் அண்ணன்.

"என்னண்ணா?"

"வெட்டின கை எங்க போச்சு? போட்டிருக்கா பாரு."

நான் திரும்பப் படித்தேன். மேசை இருந்தது, விளக்கு இருந்தது, மழை ஒன்றரைப் பக்கத்துக்கு இருந்தது. அடுத்த அத்தியாயத்தையும் புரட்டினேன். "போடலைண்ணா."

"நல்லாத் தேடு."

"இல்லண்ணா. எங்கயுமே இல்ல."

"அதெப்படி போடாம இருப்பான்? பேப்பர் வெட்டின மாதிரியா? ஒரு ஆளோட கை! குப்பையில போட்டாளா, நாய்க்குப் போட்டாளா, எரிச்சாளா, ஒரு வரி எழுத வேணாமா?"

குரல் வீடு முழுக்கக் கேட்டது. அவன் எந்தக் கையைப் பற்றிக் கேட்கிறான் என்று எனக்குக்கூடப் புரிந்துவிட்டது.

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"உன் கையை யாரும் குப்பையில போடலை, சாம்" என்றாள்.

அண்ணன் அவளைப் பார்த்தான்.

"அப்பா கேட்டு வாங்கிட்டு வந்தார். ஆஸ்பத்திரியில முதல்ல தரமாட்டேன்னாங்க. ராத்திரி வரைக்கும் வெளியிலயே நின்னு, எழுதிக் குடுத்து வாங்கினார். ஸ்கூல்ல சாக்பீஸ் வருமே மரப்பெட்டி, அதுல வெச்சு. நான்தான் தலையணை உறை குடுத்தேன், சுத்தறதுக்கு. தாம்பரத்துல தாத்தா பக்கத்துல அடக்கம் பண்ணியிருக்கு."

அண்ணன் கேட்டான்: "ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையேடா" என்றாள் அம்மா. "நீயா கேக்கட்டும்னு அப்பா சொல்லிட்டார்."

செய்தித்தாள் அலுவலகத்தில் இருபத்தைந்து வருஷம் பிறருடைய வாக்கியங்களைத் திருத்தியவள் நான். ஒரு செய்தியில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை. விடுபட்ட ஒரு வரியைத் தேடச் சொல்லி எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த இடம் அந்த முன்னறைதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். நானும் போனேன். தாம்பரம் பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம், துண்டு சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் சிலுவைக்கு இடப்பக்கம் ஒரு செங்கல் நெடுக்குவாட்டில் பதித்திருந்தது. பெயரோ தேதியோ இல்லை. சுற்றிலும் புல் செதுக்கியிருந்தது. அப்பா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தாமதமாக வீட்டுக்கு வருவதன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் வெகுநேரம் நின்றான். பிறகு, "விரல் எந்தப் பக்கம்பா?" என்று கேட்டான்.

"கிழக்கே" என்றார் அப்பா. "எல்லாரையும் போலத்தான்."

அண்ணன் தலையசைத்தான். வெயில் ஏறுகிறது, போகலாம் என்றார் அப்பா.

அன்று மாலை ஏழுமலை வந்து, இனி இவனை வீட்டில் விடக்கூடாது என்று முடிவெடுத்தவன் போல, அண்ணனையும் என்னையும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் புதிதாகத் திறந்திருந்த 'வீடியோ கேம்ஸ்' கடைக்கு இழுத்துப்போனான். மெடிக்கல் ஷாப்புக்குப் பின்னால் ஒரு இருட்டு அறை, ஐந்தாறு மரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு திரை. ஒரு பெட்டியில் எங்கள் புத்தகத்துக்குத் தம்பி போல ஒரு ஊர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயும் மழை, அங்கேயும் வண்ணப் பலகைகள். ஒரு ஆள் நடந்துபோய் வழியில் கிடக்கும் உலோகப் பாகங்களை எடுத்தால், அவன் கை மாறும், கால் மாறும், பலம் கூடும். இடது கையால் குச்சியை அசைத்து அவனை நடத்த வேண்டும். வலது கையால் பொத்தான்களை அழுத்திச் சுட வேண்டும்.

அண்ணன் குச்சியைப் பார்த்தான், பொத்தான்களைப் பார்த்தான், திரும்பிப் போக ஒரு அடி வைத்தான். ஏழுமலை அவனுக்கு வலப்பக்கம் வந்து ஒட்டி நின்றுகொண்டான்.

"நீ நட மச்சான். நான் சுடறேன்."

ஆடினார்கள். முதல் மூன்று தடவை உடனே செத்தார்கள். "நீ ஏண்டா நான் நிக்கும்போது சுடாம இருக்கே?" "நீ ஏன் செவுத்துல போயி முட்டிக்கினு நிக்கறே? செவுத்தைச் சுடவா?" என்று இருவரும் திட்டிக்கொண்டார்கள். நாலாவது தடவை ஒரு தெருவைத் தாண்டினார்கள். அதற்குள் மற்ற பெட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பின்னால் கூடிவிட்டார்கள். கடைக்காரர் எழுந்து வந்தார்.

"ஒரு டோக்கனுக்கு ஒரு ஆளுதான். ரெண்டு பேர் ஆடறீங்க."

"எண்ணிப் பாரு தலைவா" என்றான் ஏழுமலை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு கைதான் ஆடுது. மீதி என்னுது ஒண்ணு சும்மாத்தான் தொங்கிக்கினு கீது. அது நம்ம கணக்குல வராது."

கூட்டம் சிரித்தது. அண்ணன்தான் முதலில் சிரித்தான். குச்சியை விட்டுவிட்டுச் சிரித்ததில் திரையிலிருந்த ஆள் மறுபடி செத்துப்போனான். வெளியே வந்தபோது நான் ஒன்றைக் கவனித்தேன். பூத்துண்டு அண்ணனின் தோளில் கிடந்தது. எப்போது அவிழ்த்தான் என்று நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் கண்ணாடிக் குண்டை நகர்த்தி, படிவத்தை எடுத்து என்னிடம் கொடுத்தான்.

"எழுது பாப்பா. பேரு, அப்பா பேரு, வயசு. அதுக்குக் கீழ என்ன கேட்டிருக்கானோ, அதையும்."

"அதையுமாண்ணா?"

"அதையும்தான். அந்தப் புஸ்தகம் எழுதினவன் மாதிரி ஒரு வரியை விட்டுட்டுப் போக முடியுமா?"

நான் எழுதினேன். கையெழுத்தை அவனே போட்டான். சாமுவேல் என்று எழுதி முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. மாதம் முடிய ஒன்பது நாட்கள் இருந்தன. புதன்கிழமை மருத்துவமனைக்குப் போனான். நான் கூடப் போகவில்லை. அங்கே நடந்ததைப் பற்றி அவன் சொன்னது இவ்வளவுதான்: டாக்டர் "காட்டுங்க" என்றார், காட்டினேன்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன்பு பூத் வந்தது. ஸ்டேஷனிலிருந்து இறங்கி வரும் சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே. சட்டப்படி எழுத வேண்டியதை எழுதினார்கள். அதற்கு மேலே பெரிய எழுத்தில் 'குரோம் எஸ்.டி.டி.' என்று ஏழுமலை எழுதச் சொன்னான். பலகை எழுதியவர், 'பேட்டை' விட்டுப்போயிற்றே என்று இரண்டு முறை வந்து கேட்டார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஊர்ப் பெயரைச் சுருக்கி வைத்திருப்பதாகவே நினைத்தார்கள். அண்ணன் யாரையும் திருத்தவில்லை. வாடிக்கையாளர்களில் யாராவது உரிமையோடு, "கை எங்கப்பா போச்சு?" என்று கேட்டால், "தாம்பரத்துல இருக்கு சார்" என்பான். அவர்கள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

முதல் ஐப்பசி மழையில் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துப்போவது போல அண்ணனுக்கு நான் டிபன் எடுத்துப்போனேன். சாலை முழுக்கத் தண்ணீர். பேக்கரியின் பச்சை விளக்கும் பூத்தின் மஞ்சள் பலகையும் தண்ணீரில் கிடந்து நெளிந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெண் துபாயிலிருக்கும் கணவனோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடின. கூரையிலிருந்து ஒரு கட்டு ஒயர் இறங்கி அண்ணனின் மேசைக்கு வந்தது. அண்ணன் இடது கையால், பார்க்காமலே, அடுத்தவருக்கு எண் சுழற்றிக்கொண்டிருந்தான். நான் குடையோடு சாலையின் நடுவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் என்னைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த வகைக் கதைகளுக்கு 'சைபர்பங்க்' என்று ஒரு பெயர் உண்டென்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஞாயிறு இணைப்புக்காகக் கணினி விளையாட்டு விமர்சனம் எழுதிவந்த ஒரு தம்பி, உயர்ந்த தொழில்நுட்பமும் தாழ்ந்த வாழ்க்கையும் சேர்ந்தது அது என்று எனக்கு விளக்கினான். விளக்கியபோது எனக்கு நெமிலிச்சேரிக் காயலான் கடைதான் நினைவுக்கு வந்தது. பிறகு அந்த வகையில் நிறைய வாசித்தேன். அண்ணன் மகனின் கம்ப்யூட்டரில் அத்தகைய விளையாட்டுகளை அவன் ஆடப் பார்த்துமிருக்கிறேன். சட்டை தேர்ந்தெடுப்பது போல ஒரு பட்டியலிலிருந்து கையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் பழைய கை மறைந்து புதுக் கை வந்துவிடுகிறது. எடுத்த கை என்ன ஆகிறது என்று, நான் வாசித்த எந்தக் கதையும் பார்த்த எந்த விளையாட்டும் இதுவரை சொல்லவில்லை.

அதை ஒரு குறையாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பெயர் தெரியாத எழுத்தாளர் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால், நான் அதைப் படித்திருப்பேன், அண்ணன் கேட்டுக்கொண்டிருப்பான், அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம். அவர் விட்டுவிட்டார், அதனால் அண்ணன் கேட்டான். அவர் எந்த நாட்டுக்காரர், ஆணா பெண்ணா, இருக்கிறாரா என்று தெரியாது. யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமலே முப்பது வருஷமாக நன்றியோடு இருக்கிறேன். புத்தகத்தை ஏழுமலை யாருக்கோ இரவல் கொடுத்தான், திரும்பி வரவில்லை. கதை எப்படி முடிந்தது என்பதும் எனக்கு மறந்துவிட்டது.

இப்போது எஸ்.டி.டி. பூத் என்றால் என்னவென்று அண்ணன் மகனுக்குப் படம் வரைந்துதான் காட்ட வேண்டியிருக்கிறது. ஜெராக்ஸ் கடை, பேக்கரி, பூத் மூன்றும் இருந்த இடத்தில் நான்கு மாடித் துணிக்கடை நிற்கிறது. வீடியோ கேம்ஸ் கடை இருந்த சந்தே சாலை விரிவாக்கத்தில் போய்விட்டது. காயலான் கடை மனையை விற்றுவிட்டு ஏழுமலை மேடவாக்கத்தில் அடுக்ககங்களுக்குத் தண்ணீர் லாரி விடுகிறான். மூட்டு வலி என்று சொல்லிக்கொண்டே தானும் ஓட்டுகிறான். அப்பா, தாத்தாவுக்கு இடப்பக்கம், அந்தச் செங்கல்லை அடுத்து இருக்கிறார்.

சென்ற மாதம் அண்ணன் தன் அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, துணைக்குப் போனேன். ஏ.சி. அறை, வரிசை எண், கண் ரேகை எடுக்கும் கருவி. மேசைக்கு அந்தப் பக்கம் இருபது வயதிருக்கும் ஒரு பெண். விரல் ரேகைக்கான பச்சைக் கண்ணாடியில் அண்ணன் இடது கையை வைத்தான். அவள் திரையில் வலது கைக்கான ஐந்து கட்டங்களிலும் ஒவ்வொன்றாக 'இல்லை' என்று குறித்தாள். பிறகு, இப்படிப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும் சார், முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையும் தெரிய வேண்டும் என்றாள்.

அண்ணன் இரண்டையும் தூக்கிக் காட்டினான். படம் முதல் தடவையே சரியாக விழுந்தது.